நாற்பத்தொன்றாம் நம்பர்

டீச்சர் தான் எழுதியதென்று நீட்டிய புத்தகத்துக்கு வெள்ளை அட்டை. வாங்குவதற்கு முன் பஞ்சம்மாள் கைகளைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துப் பார்த்தாள். கரி போகவில்லை. விடிந்ததிலிருந்து கரிமூட்டத்தில் சீமைக்கருவேலங்கரியைச் சாக்கில் அள்ளிப்போட்ட கை, துடைத்தால் மட்டும் எங்கே போகும்? மூன்று வருஷத்துக்கு முன் டீச்சர் பார்த்தபோது இதே கை நண்டுக் கம்பெனியில் ஐஸிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறி வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தது. இப்போது கரி. எப்படியோ, அவள் கைக்கு அவளுடைய சொந்த நிறம் வாய்க்கவே இல்லை.

டீச்சர் என்று இவர்கள் வைத்த பேர்தான். அவள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ஜுனைதா சிங்கப்பூரில் பிறந்தவள், வாப்பா வழியில் கீழக்கரை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் ஆராய்ச்சி. ஒரு பொருள் எந்தெந்தக் கைகள் மாறி எந்தப் பெருநகரத்துக்குப் போய்ச் சேர்கிறது, வழியில் யார் யார் என்னென்ன பார்க்கிறார்கள் என்பதுதான் அவள் எழுதுவது. நண்டு போகிற வழியைப் படிக்கவும் ஒரு படிப்பா என்று பஞ்சம்மாள் அன்றைக்குச் சிரித்தாள். இரண்டாயிரத்து ஐந்தில் திருப்பாலைக்குடியில் ஆறு மாதம் வீடெடுத்துத் தங்கி, கம்பெனியில் அனுமதி வாங்கி, எல்லோரையும் போலத் தொப்பி மாட்டிக்கொண்டு நண்டு உரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் தினமும் வந்து நின்றாள் ஜுனைதா. நல்ல பெண். அதில் இன்றைக்கும் பஞ்சம்மாளுக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் செய்தது.

கம்பெனிக்குள் யாருக்கும் பேர் கிடையாது. வாயைத் துணியால் கட்டி, தலையைத் தொப்பிக்குள் திணித்த பிறகு நூற்றிருபது பெண்களும் கண்கள் மட்டும்தான். கழுத்தில் நாடாவில் தொங்கும் டோக்கன்தான் ஆள். உரித்த சதையை வைக்கும் தட்டில் அந்த நம்பரை எழுதிய சீட்டு போகும். சீட்டிலிருந்து நோட்டுக்கு, நோட்டிலிருந்து டப்பாவுக்கு. நியூயார்க்கில் ஒருவன் சாப்பிடும்போது பல்லில் ஓட்டுத் துணுக்கு கடிபட்டால், பத்தே நாளில் உரித்தவளின் நம்பரைச் சொல்லி சூப்பர்வைசர் வீரபத்திரன் கூப்பிடுவான். பஞ்சம்மாள் நாற்பத்தொன்று. பக்கத்து இருக்கை சுலைகா பதினேழு.

சுலைகாவின் மகனுக்கு வலிப்பு. வந்துவிட்டால் புருஷன் துபாயில் இருந்து என்ன பிரயோசனம், அவள்தான் ஓட வேண்டும். சாயந்திரம் தட்டு அளப்பதற்குள் போனால் அன்றைக்கு வேலைக்கே வராத கணக்கு. மாதத்தில் மூன்று தரம் அப்படி ஆனால் டோக்கன் வேறொருத்தி கழுத்துக்குப் போய்விடும். அதனால் அவள் பின்வாசல் வழியாகப் போவாள். பஞ்சம்மாள் தன் தட்டு ஒன்று, அவள் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி நிரப்பி, பதினேழாம் சீட்டையும் தானே வைப்பாள். பஞ்சம்மாளின் தாய் படுக்கையில் கிடந்த மாதம் சுலைகா அதையே இவளுக்குச் செய்தாள். மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்த பழக்கம்தான். அதற்குப் பேரெல்லாம் யாரும் வைக்கவில்லை.

ஜுனைதா வைத்தாள், இங்கிலீஷில். ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் பஞ்சம்மாள் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இதை நான் எழுதலாமா? உங்க பேரை மாத்திடுவேன். எங்க யுனிவர்சிட்டில அது கட்டாயம்."

"எழுதுங்க டீச்சர். நல்லதத்தான செய்யிறோம்" என்றாள் பஞ்சம்மாள். ஆளைக் காட்டாத புகழ் என்றாலும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சுலைகாவின் பேரையும் நம்பரையும் மட்டும் சொல்லவில்லை.

ஜுனைதா சொன்ன சொல் தவறவில்லை. பேரை மாற்றித்தான் எழுதினாள், ஊர்ப்பேரைக்கூட எடுத்துவிட்டாள். நம்பரை மட்டும் அப்படியே விட்டாள். நம்பர் எப்படி ஆளாகும் என்று நினைத்திருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடங்களிலேயே வளர்ந்தவளுக்கு அது தோன்றவில்லை.

புத்தகமாவதற்கு முன் அது கட்டுரையாக வந்தபோது, நண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியில் யாரோ படித்திருக்கிறார்கள். படிக்கத்தானே எழுதுவது. ஒவ்வொரு டப்பாவையும் உரித்த கை வரைக்கும் காட்டுவோம் என்று எழுதிக்கொடுத்துத்தான் இங்கிருந்து சரக்கே போகிறது. சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை வீரபத்திரன் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, மேசையில் ஒரு தாளைத் திருப்பி வைத்தான். பூராவும் இங்கிலீஷ். நடுவில் ஓரிடத்தில் மஞ்சள் தடவியிருந்தது. அந்தப் பக்கத்தில் பஞ்சம்மாளால் படிக்க முடிந்தது அந்த ஒன்றுதான்: 41.

"யாருக்குத் தட்டுப் போட்டே? நம்பரச் சொல்லு. சொன்னா உன்னய உள்ள வச்சுக்கிடலாம்னு மேனேசர் சொல்றாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுலைகா குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வருவாள் என்று பஞ்சம்மாள் எதிர்பார்த்தாள். நான்தான் என்று சொல்ல வேண்டாம், சும்மா எழுந்து நின்றிருந்தால்கூடப் போதும். வரவில்லை. பஞ்சம்மாள் டோக்கனைக் கழற்றி அந்தத் தாள் மேலேயே வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு சுலைகா ஒரு தரம்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலை போனதைவிட அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கரிமூட்டத்தோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பஞ்சம்மாள் சொல்லி முடித்தாள். ஜுனைதாவின் கண் கலங்கியிருந்தது. மடியில் கிடந்த புத்தகத்தைப் பஞ்சம்மாள்தான் புரட்டினாள். நடுவில் உலகப் படம். பெரிய ஊர்களுக்கெல்லாம் பெரிய பெரிய வட்டம், வட்டத்துக்கு வட்டம் கோடு.

"நம்ம ஊரு எங்கன இருக்கு?"

ஜுனைதா ஓர் இடத்தைக் காட்டினாள். கடுகளவு புள்ளி, பேர் இல்லை. பஞ்சம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்தபோது, புள்ளி இருந்த இடத்தில் கரிதான் இருந்தது.

"அக்கா, இது என் தப்பு. நான் சரி பண்றேன்" என்று ஜுனைதா பையிலிருந்து சின்ன ரெக்கார்டரை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "அந்த வாங்குற கம்பெனில எனக்கு ஆளுங்க தெரியும். நடந்ததை முழுசா எழுதிக் கொடுத்தா உங்களைத் திரும்ப எடுத்துக்குவாங்க. ஆனா பாதிக் கதையை நம்ப மாட்டாங்க. அந்த இன்னொருத்தர் நம்பரும் வேணும். இந்தத் தடவை நம்பரை வெளில விடமாட்டேன்."

பஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நாலெழுத்து. சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. மூட்டத்துப் புகையில் மூன்று மாதமாக விடாத இருமல் நின்றுபோகும், நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தவளுக்காக இவள் இன்னும் எத்தனை காலம் வாயை மூட வேண்டும்? யார் சொன்னது?

"இந்தத் தடவ எம்பேரப் போடுங்க டீச்சர். பஞ்சம்மாள்னு முழுசாப் போடுங்க. அங்கன ஒருத்தருக்கும் அது தெரியாது."

"போடுறேன் அக்கா. அந்த நம்பர்?"

மேற்கே ஹாரன் கேட்டது. வேலை விட்டுப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேன். குறுக்கே போன வெள்ளாட்டு மந்தைக்காக அது சரியாக மூட்டத்துக்கு எதிரே நின்றது. ஜன்னலோரம் சுலைகா. முதலில் பஞ்சம்மாளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த டீச்சரை, மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தை, நடுவில் எரிந்த சிவப்பு விளக்கை.

பஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

ஆடுகள் அவசரப்படவில்லை. சுலைகா தலையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கண்ணை இவள் மேலேயே வைத்துக்கொண்டு, ஐஸில் வெளுத்த கையை மெல்லத் தூக்கி, கழுத்தில் தொங்கிய டோக்கனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.