பன்னிரண்டாவது பெயர்

கட்டியைக் கரைக்கும் என்று மூலிகைப்பொடி விற்கும் அந்தக் கம்பெனியில் தேன்குரல் என்றால் தெரியாதவர் கிடையாது. பட்டப்பெயர்தான். பொடி வாங்கியவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துப் போன் போட்டு, குணம் தெரிகிறதா என்று கேட்பது அவள் வேலை. கம்ப்யூட்டரில் மூன்றே கட்டங்கள்: குணம், குணமில்லை, தொடர்பில்லை. போனை எடுக்காதவர்கள் கடைசிக் கட்டம். ஆள் போய்விட்டார் என்று வீட்டார் அழுதாலும் அதே கட்டம்தான். சாப்பிட்டவர் வாயால் சொன்னால்தான் சாட்சியாம். அந்தக் கட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குக் குணம். டப்பாவில் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். செத்தவன் எந்த ஊரில் எழுந்து வந்து சாட்சி சொல்லியிருக்கிறான்? எட்டு வருஷமாக இது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

அக்காவின் மார்பில் கட்டி வந்தது. ஆரம்பம்தான், அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அக்காவுக்குக் கத்தி என்றாலே குலைநடுக்கம். தங்கைக்காரி டப்பாவோடு போய் நின்றாள். என் காதாலேயே கேட்ட கணக்கு என்று சத்தியம் செய்தாள்.

"மிச்சம் நாலு பேருக்கு என்னடி ஆச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள் அக்கா.

ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று வாய் கூசாமல் சொன்னாள் இவள். அக்கா ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வெள்ளம் தலைக்குமேல் போயிருந்தது.

அக்கா போன பிறகு, வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம், பட்டியலில் அக்காவின் எண் வந்து நின்றது. தாண்டிப் போக வழியில்லை. பின்னால் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். அழைத்தாள். அத்தான் எடுத்தார். எழுதிக் கொடுத்திருந்ததை அப்படியே வாசித்தாள்.

"வணக்கம். எங்க பொடியில குணம் தெரியுதுங்களா?"

அவருக்கா அந்தக் குரல் தெரியாது?

"அவ கடைசி வரைக்கும் உன்மேல கோபப்படலம்மா" என்றார். "நான்தான் ஒழுங்கா சாப்பிடலையோ, நான்தான் ஒழுங்கா சாப்பிடலையோன்னு கேட்டுக்கிட்டே போனா."

போனை வைத்துவிட்டார். அவள் விரல் தன்பாட்டுக்குப் போய்த் தொடர்பில்லையை அழுத்தியது. எட்டு வருஷப் பழக்கம். அழுத்திய பிறகுதான் பார்த்தாள். அன்று காலையில் மட்டும் அந்தக் கட்டத்தில் பதினோரு பெயர்கள் இருந்தன. அக்கா பன்னிரண்டாவது.