சூரமங்கலத்துத் தும்பைப் பாத்தி

சேர்வராயன் மலைமுகட்டினின்று இறங்கிய கார்த்திகைப் பனி, சேலத்துக் கூரைகளை நனைத்து, நெடிய தண்டவாளங்களின்மீது முத்துமுத்தாய் அரும்பி, இளவெயில் பட்டு மெல்லக் கரைந்துகொண்டிருந்த காலைப்பொழுதில், அன்பு கெழுமிய படிப்பாளரே, சூரமங்கலத்துத் தெருவழியே ஒருத்தி நெஞ்சம் நிறைந்து நடந்துவந்தாள். தொடர்வண்டி அலுவலகத்து எழுத்தரான சகாயம்மாள் அவள். குடியிருப்பின் பின்னே இருபதாண்டுகளாய்க் குப்பை சுமந்து நாறிக்கிடந்த நிலத்தைத் தெருவாரோடு கூடித் திருத்தி, ஓரத்தில் நொச்சியும் ஆவாரையும் நட்டு, நடுவே இம்மண்ணுக்கே உரிய தும்பையும் பூளையும் கீழாநெல்லியும் விதைத்து வளர்த்தவள். மூன்றாம்நாள் மாநகராட்சி அலுவலர் பார்வையிட வருவார். செடிகள் செழித்திருந்தால் அந்நிலம் பூங்கா, இல்லையேல் வண்டி நிறுத்துமிடம் என்பது முடிவாகியிருந்தது.

வந்தவள் அந்நிலத்து வாயிலிலேயே கல்லாய்ச் சமைந்தாள். நடுப்பாத்தி மொட்டையாய்க் கிடந்தது. மோகனூரிலிருந்து அக்குடியிருப்பில் வாழும் மகன் இல்லத்திற்கு விருந்தாய் வந்திருந்த உழவர் சென்னியப்பன், களைக்கொத்தும் கையுமாய்ப் பெருமிதம் பொங்க நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தன களைய உட்டு வெச்சிருந்தீங்களே! ஒண்ணு உடாமப் புடுங்கிட்டனுங்க."

"ஐயா, அதுங்களத்தாங்க நாங்க பாத்துப் பாத்து வளத்தோம்!" என்றாள் அவள், கண்ணீர் கரைபுரள.

நாற்பதாண்டு கரும்புக்கொல்லையில் உழைத்து, தும்பையைக் கண்டால் தானே குனியப் பழகிய கை அவருடையது. அதனை எவ்வாறு வைவது? அவரோ குவியலில் வாடிய பூளைக்கொத்தைக் கையிலேந்தி, பொங்கலுக்கு வாயிலில் காப்புக் கட்டும் செடியையுமா அழித்தேன் என்று நாணிக் குறுகினார். "அழுவாதீங்க சாமி. ஊருக்குப் போயிட்டு நாளைக்கு வாரேன்" என்று அப்போதே பேருந்தேறினார்.

மறுநாள் நண்பகலில் சரக்குந்து ஒன்று வந்து நின்றது. அதில் அவர் வரப்புகளிலிருந்து வேரடி குலையாமல் பெயர்த்து, ஈரமண்ணோடு வாழைமட்டையில் பொதிந்து வந்த செடிகள் நிறைந்திருந்தன. "மூணு தலமொறையா அழிச்சும் அழியாததுங்க இது. இங்க வந்தா பட்டுப்போயிருமா?" என்றவாறே முழந்தாளிட்டு, தெருவாரோடு ஒவ்வொன்றாய் நட்டார். மாலையில் மழையும் தூறிற்று.

மூன்றாம்நாள் வந்த அலுவலர், வெண்தும்பையில் தேனீக்கள் மொய்ப்பதைக் கண்டு, பூங்கா என்றே எழுதிக் கையொப்பமிட்டார். சகாயம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆயினும் சென்னியப்பன் பாத்தியோரமாய்க் கைகளைப் பின்னே இறுகக் கட்டியே நடந்தார்.

"ஏங்கய்யா, கைய இப்படிக் கட்டியிருக்கீங்க?"

"இத நம்ப முடியாதுங்க அம்மிணி."

அவள் வாய்விட்டு நகைத்தாள். அறிவு ஒருநாளில் உணர்ந்ததைக் கை உணர நெடுநாள் ஆகும். அதுவரை அதனைக் கட்டிக்காத்து நடப்பதும் அன்பின் ஒருவகையே.