கரை தேடிய எஞ்சின்

தீவின் மேற்கு முனையான துவாஸில், கடலடியில் தோண்டி எடுத்த விமான எஞ்சினுக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அது கடலில் விழுந்து நூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. இறக்கையும் பெட்ரோல் தொட்டியும் எப்போதோ கரைந்து போயிருந்தன. பழைய இயந்திரங்களைக் கண்காட்சிக்குச் சீராக்கித் தரும் ரவூப், அதைப் புக்கிட் பாத்தோக்கிலிருந்த தன் பட்டறைக்குக் கொண்டுவந்து, அங்கே மெக்கானிக்காக இருந்த சுதாவிடம் ஒப்படைத்தார். காற்று மட்டும் பட்டால் சிலிண்டர்களின் சூடு தணியாது என்று, ஒவ்வொன்றையும் சுற்றி உலோக உறையைச் சட்டைபோல மாட்டி, அதற்குள் தண்ணீர் ஓடவிட்ட காலத்து எஞ்சின் அது. வார்ப்பிரும்புச் சட்டை கனம் என்று மெல்லிய தகட்டுக்கு மாறினார்கள். தகடு நடுவானில் விரிசல் விடும் என்பதைச் சில விமானிகளைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

இதிலும் ஒரு சட்டையில் விரிசல். அதைப் பற்றவைத்து அடைப்பதற்காகச் சுதா தண்ணீரை வடித்தாள். பாதி வடிந்ததும் மேசை அதிர்ந்தது. புகைக்குழாய்க்குள் ஓர் ஆண் அலறினான். அவள் பதறிப்போய்த் தண்ணீரைத் திரும்ப ஊற்றினாள். அலறல் நின்று காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பாஸ், உள்ள ஆள் இருக்காரு.”

ரவூப் குழாயில் காது வைத்தார். “உள்ள இல்ல லா. மேல. இன்னும் பறந்துக்கிட்டு இருக்காரு.”

அன்றிலிருந்து இருவரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினார்கள். சுதா ஈப்போவில் நடந்த தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை. தீபாவளிகள் வந்து போயின. கண்காட்சிக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். விரிசலோ வளர்ந்துகொண்டே போனது; ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் சட்டை வறண்டது. இனி தாங்காது என்று தெரிந்த பிற்பகலில், சுதா குழாய்க்குள் ஆங்கிலத்தில் கத்தினாள்: ஏன் இறங்கவில்லை?

களைத்த குரலில் பதில் வந்தது. கரையைக் காணவில்லை. வரைபடத்தில் கடல் இருக்கும் இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன.

சுதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய கடலை மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. பழைய கரையைத் தேட வேண்டாம், மேற்கு முனையில் புது மண் காலியாகக் கிடக்கிறது, அங்கே இறங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரவூப் வாளி வாளியாக ஊற்றினார். திடீரென்று இரைச்சல் அறுந்தது. எஞ்சின் ஆறத் தொடங்கியது. இறங்கினாரா, விழுந்தாரா?

இருவரும் துவாஸுக்கு விரைந்தார்கள். புது மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள் ஓடி, நடுவில் நின்றிருந்தன. விமானம் இல்லை. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் ரத்னவேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தண்ணி கேட்டாரு மேடம், குடுத்தேன். டவுனுக்கு எப்படிப் போறதுன்னாரு. பஸ்ஸக் காட்டிவிட்டேன்.”

பூட்ஸ் தடங்கள் பஸ் நிறுத்தம்வரை போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் வாழை இலைக் கடை ஒன்றில், தோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். வயது முப்பதைத் தாண்டாது. ஆவி பறக்க எதை வைத்தாலும் பதறி எழுந்துவிடுவார் என்பதால், பரிமாறுகிறவர்கள் அவருக்கு மட்டும் ரசத்தை ஆற்றி ஊற்றுகிறார்கள்.