கேரவனின் புதுக் கம்பளம்

கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன டெஸ்மண்டின் கால், சமையல் மேடைக்கு முன்னால் தரையோடு சேர்ந்து மெல்ல அமிழ்ந்தது. காலை எடுத்ததும் கம்பளம் பழையபடி எழுந்தது. மறுபடி மிதித்துப் பார்த்தார், மறுபடி அமிழ்ந்தது. பிறகு அந்த இடத்தைத் தாண்டி நின்றுகொண்டு டீ போட்டார். வீடே இடிந்தாலும் முதலில் டீ குடிக்கிற ஊர்க்காரர்.

மேபிள்தார்ப் கடற்கரையில் வரிசையாக நிற்கும் கேரவன் என்ற வண்டி வீடுகளில் அவருடையதும் ஒன்று. பெயர்தான் கேரவன், சக்கரம் உண்டு, ஒரு அடி நகராது. கடலைப் பார்த்தபடி இப்படி ஒன்றில் இருக்க வேண்டும் என்பது அவர் மனைவி ஷீலாவின் ஆசை. ஷீலா போய்ச் சேர்ந்த பிறகு, பஸ் ஓட்டிச் சேர்த்த பணத்தை எல்லாம் போட்டு, ரோலண்ட் என்பவரிடமிருந்து இதை வாங்கினார்.

வாங்கப் போன அன்று ரோலண்ட் டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், நாயைப் பற்றிப் பேசினார். புதுக் கம்பளம் டெஸ்மண்டின் கண்ணில் படாமல் இல்லை. இத்தனை பழைய கேரவனுக்கு எதற்குப் புதுக் கம்பளம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒருவர் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு அவர் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதா? அது அவரைத் திருடன் என்று சொல்வது போல ஆகிவிடாதா? அந்த ஆங்கிலேயர் நாட்டில் ஏமாந்து போனாலும் போகலாம், மரியாதை கெட்டவன் என்று மட்டும் பெயர் எடுக்கக் கூடாது.

பழுது பார்க்க வந்தவர் கம்பளத்தைப் புரட்டியதும் பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது. குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ரோலண்ட் ஒரு வருஷம் அதைச் செய்யாமல் விட, தண்ணீர் உறைந்து குழாய் வெடித்து, பலகை முழுக்க ஊறி அழுகியிருக்கிறது. அவர் குழாயை மட்டும் மாற்றிவிட்டு, மேலே கம்பளத்தை விரித்துவிட்டார். தரையை மாற்ற ஆகும் செலவுக்கு டெஸ்மண்டிடம் பணம் மிச்சம் இல்லை. ரோலண்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

லீட்ஸில் இருக்கும் மகள் ஹீதர் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். எல்லாம் அருமை, கடல் அருமை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அக்கம்பக்கத்தார் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சில நாள் கடைக்காரியிடம் சொல்லும் நன்றி ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வரும் பேச்சு. அந்தத் தனிமை அழுகிய பலகையைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். கம்பளத்தைத் திரும்ப விரித்தார். தரை அமிழும் இடத்தில் மேசையை இழுத்துப் போட்டார். விற்பனைக்கு என்று எழுதி ஜன்னலில் ஒட்டினார்.

பார்க்க வந்தவள் வெண்டி, கணவனை இழந்தவள். மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்தாள். டெஸ்மண்ட் டீ கொடுத்தார், பிஸ்கட் தட்டை நீட்டினார். அவள் கண் மேசைக்குப் போனது, கம்பளத்துக்குப் போனது. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"கம்பளம் நல்லா இருக்கு," என்றாள். "என் வீட்டுக்காரர் இருந்தா துருவித் துருவிக் கேட்டிருப்பாரு. எனக்குக் கேட்கவே கூச்சமா இருக்குங்க."

டெஸ்மண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தது வெண்டி அல்ல, போன வருஷத்து டெஸ்மண்ட். அப்படியென்றால் ரோலண்ட் யார்? எழுந்து மேசையை நகர்த்தினார், கம்பளத்தைச் சுருட்டினார்.

வெண்டி அழுகிய பலகையை எட்டிப் பார்த்தாள். "நான் கேட்டிருக்கவே மாட்டேனே. ஏன் காட்டினீங்க?"

"அதனாலதாங்க காட்டினேன். எனக்கு வித்தவரும் டீ குடுத்தாரு, நானும் கேட்கல. இப்படியே ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிக்கிட்டுப் போனா அழுகல் தீராது, ஆள்தான் மாறும். வேற எங்க வாங்கினாலும் கூச்சப்படாம கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க."

அவள் டீயை முடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள். வாங்கவில்லை. டெஸ்மண்ட் ஜன்னல் வழியே அவள் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஞாயிறு வரை காத்திராமல் ஹீதரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இன்னைக்குப் போய்? அங்க எல்லாம் நல்லா இருக்குல்ல?"

"நல்லா இல்லம்மா. தரை அழுகிப் போச்சு. பேச ஒரு ஆள் இல்ல."

"அப்ப இத்தனை நாளா ஏம்ப்பா அருமை அருமைன்னு சொன்னீங்க?"

"நானும் கம்பளம் போட்டுத்தாம்மா மூடி வச்சிருந்தேன். மூடினா அழுகல் போறதில்ல, உள்ளேயே பரவுது. விக்கிறவனா இருந்தாலும் சரி, அப்பனா இருந்தாலும் சரி, கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்."