மனம் மாறித் திருப்பிய வண்டி

முப்பது நாளைக்குள் குறை தெரிந்தால் வேறு வண்டி மாற்றித் தருவோம் என்று அந்தப் பழைய கார் கடையின் வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு முப்பதாவது நாள். அவள் காலை ஒன்பது மணிக்கே போய், மேனேஜரின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

அவள் தையற்காரி. ஹோட்டல்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் சீருடை தைக்கிறவள். ஊர் சுற்றிப் பார்க்க ஒன்றும் அவள் கார் வாங்கவில்லை. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஆஸ்பத்திரி ஐம்பது நிமிடத் தூரம். அதற்குத்தான் வண்டி. அந்த வண்டியோ முதல் அரை மணி நேரம் ராஜா மாதிரி ஓடும். நாற்பது நிமிடம் ஆகி இன்ஜின் நன்றாகச் சூடேறியதும், சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். ஒரு மணி நேரம் ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். போன வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், மேம்பாலத்தின் நடு உச்சியில் நின்றது. பிரஷர் இறங்கித் துவண்டு கிடந்த அக்காவை நடைபாதைக் கல்லில் உட்கார வைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, லாரிப் புகையில் ஒரு மணி நேரம் இருந்தாள். அப்போது மூண்ட கோபம் இன்னும் அவளுக்கு ஒரு டிகிரி கூடக் குறையவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு அடுத்த டயாலிசிஸ்.

இதற்கு முன் மூன்று தடவை வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். மூன்று தடவையும் இரண்டிரண்டு நாள் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில், ஜில்லென்று இருக்கும் இன்ஜினைக் கிளப்பி, பத்தே நிமிடம் கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தாள். அவர்கள் வைத்திருந்த ஆறு நாளையும் அந்த முப்பதில் சேர்த்துக் கணக்குப் பண்ணினார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

"மேடம், சில பேருக்கு ஆட்டோ கியர் வண்டி கை பழக நாளாகும்," என்றார் மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, மேஜை மேல் மகளின் பள்ளிக்கூடப் போட்டோ.

"எனக்குத் தையல் மெஷினே இருபது வருஷமா கை பழகியிருக்கு சார். எது மெஷின் கோளாறு, எது என் கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்றிருந்த விற்பனைக்காரன் சிரித்தான். எதற்கெடுத்தாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பதால் அக்கா அவனுக்குப் பல்லழகன் என்று பேர் வைத்திருந்தாள். வண்டி வாங்க வந்த முதல் நாள், "முற்றத்துல நிக்கிறது எல்லாமே விற்பனைக்குத்தான் அக்கா, மேனேஜர் சார் தினம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற சாம்பல் கலர் வண்டி உட்பட. உங்களுக்குன்னா தட்டவா போறோம்," என்று அவன் குழைந்தது இன்னும் அவள் காதில் இருந்தது.

கடைக்குள் வேறு இரண்டு குடும்பங்கள் வண்டி பார்த்துக்கொண்டிருந்தன. அவள் குரலை உயர்த்தினாள். வேண்டுமென்றேதான்.

"ஒரு ரவுண்டு என்கூட வாங்க சார். வண்டி நிக்கலன்னா இனிமே இந்தத் திசைக்கே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

சனியன் விட்டால் போதும் என்று மேனேஜர் எழுந்தார். பத்து நிமிட விஷயம் என்று நினைத்திருப்பார். பாவம், அவள் வண்டிக்குள் ஏற்கெனவே அக்காவையும், ஒரு பாட்டில் தண்ணீரையும், தலையணையையும் வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் முடிந்ததும், "பாத்தீங்களா, வெண்ணெய் மாதிரி போகுது. திரும்பிடலாமா?" என்றார்.

"திரும்பலாம் சார்," என்று சொல்லிவிட்டு அவள் நேரே போனாள்.

இருபதாவது நிமிடத்தில் அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு மீட்டிங் இருக்கிறது என்றார். அக்கா பின்சீட்டிலிருந்து, "எனக்கும் மீட்டிங் இருக்கு தம்பி, வாரத்துக்கு மூணு நாள். ஊசியோட," என்றாள். அதற்கப்புறம் அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். வெளிவட்டச் சாலையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் கடைப் பக்கம் திரும்பியபோது முப்பத்தெட்டு நிமிடம். நடுரோட்டில் நிற்க வேண்டும், நாலு பேர் ஹாரன் அடிக்க வேண்டும், இவர் இறங்கி நின்று முழிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் வண்டி அவளை விடக் கெட்டிக்காரி. கடை வாசல் கேட்டுக்குள் முன்பாதி நுழைந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்பாதி ரோட்டில் இருந்தது. சாவியை எத்தனை திருகியும் மூச்சில்லை. இன்ஜின் செத்தால் அந்த வண்டியில் கியரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது.

உள்ளே இருந்த வண்டி வெளியே வர முடியவில்லை. வெளியே வந்து நின்ற ஒரு புருஷன் பெண்சாதியின் வண்டி உள்ளே வர முடியவில்லை.

மேனேஜரின் குரல் ஒரேயடியாகப் பழமாகிவிட்டது. "சரிங்க மேடம், சரி. மாத்திக் கொடுத்துடலாம். உள்ள வாங்க. வெள்ளை வண்டி ஒண்ணு இருக்கு, உங்களதைவிட ஒரு வருஷம் புதுசு. இப்பவே எடுத்துட்டுப் போகலாம்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சோபாவில் உட்கார வைத்தாள். அக்காவின் பாதம் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது.

பல்லழகன் ஒரு படிவத்தை நீட்டினான். அதில் ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருந்தது: 'வாடிக்கையாளர் மனம் மாறியதால் திருப்பித் தந்தார். வண்டியில் குறை இல்லை.'

"யாருக்கு மனம் மாறுச்சு?" என்றாள்.

"அது சும்மா ஒரு சம்பிரதாயம் அக்கா. குறைன்னு எழுதினா வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும், அப்புறம் உங்களுக்கு மாத்தித் தர்றதுக்கு மேலிடத்துல கையெழுத்து, அது இதுன்னு பத்து நாள் ஆகும். இப்படி எழுதினா இன்னைக்கே முடிஞ்சுது."

பத்து நாள். நாளைக் காலை ஏழு மணி. சோபாவில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளை வண்டியின் ஃபைலை அப்படியே கட்டாக அவளிடம் கொடுத்துவிட்டு, கேட்டில் ஹாரன் அடிப்பவர்களைச் சமாளிக்கப் பல்லழகன் ஓடினான். அவசரத்தில் அவன் எடுக்க மறந்தது என்னவென்று இரண்டாவது தாளைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. அதே படிவம். அதே வரி. 'வாடிக்கையாளர் மனம் மாறியதால் திருப்பித் தந்தார். வண்டியில் குறை இல்லை.' அடியில் வேறு யாருடைய கையெழுத்தோ, ஒரு போன் நம்பர், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

அங்கேயே நின்று அந்த நம்பரை அழுத்தினாள். ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் குழந்தை அழுதது.

"நீங்க திருப்பிக் கொடுத்த வெள்ளை வண்டிய எனக்குத் தர்றாங்க. அதுல என்ன குறைங்க?"

"ஓடிட்டிருக்கும்போதே ஸ்டியரிங் இறுகிடும்," என்றான். "திருப்பவே முடியாது. ரெண்டு தடவை ஓரச் சுவர்ல போய் உரசினேன். வீட்ல கைக்குழந்தை. வேற வண்டி தர்றேன்னாங்க, அந்தத் தாள்ல கையெழுத்துக் கேட்டாங்க. போட்டுட்டேங்க."

தெரிந்தே இன்னொருத்தர் தலையில் கட்டினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்க அவள் வாயெடுத்துவிட்டாள்.

அதற்குள் அவன் கேட்டான்: "நீங்க உங்க வண்டிக்கு இன்னும் கையெழுத்துப் போடலதானே?"

மேஜை மேல் அவள் கையெழுத்தின் மை இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது. போனை வைத்தாள். அவன் மேல் வந்த ஆத்திரமெல்லாம் அவள் மேலேயே திரும்பி விழுந்தது. மேம்பாலத்தின் உச்சியில், அக்காவுக்குப் பதிலாக யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவளை அங்கே உட்கார வைக்கத்தான் இந்தக் கையெழுத்து.

நேரே போய் மேஜை மேலிருந்த படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். துணி கிழித்துப் பழகிய கை. ஒரே சத்தம்தான் கேட்டது. பிறகு மூன்று சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

அங்கே வெளியே நின்ற பெண், "இந்த வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல மேடம், பெட்ரோல் தீந்துபோச்சு," என்றார் மேனேஜர்.

"பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கு," என்றாள் இவள். எல்லோரும் திரும்பினார்கள். கார்ச் சாவியை மேனேஜரின் சட்டைப் பைக்குள் அவளே போட்டாள். "குறை ஏதும் இல்லைன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கீங்க சார். இந்தா இருக்கு, உங்க சீல். இன்னைக்கு நாலாவதா என் கையெழுத்தையே வாங்கினீங்க. குறையில்லாத வண்டிதானே? ஏறி உக்காந்து எடுங்க. நாங்க எல்லாரும் வழி விடறோம்."

வெளியே நின்ற புருஷன் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டுப் பெண்சாதியிடம் கொடுத்தான். அவள் படித்துவிட்டு மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். பல்லழகனின் பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"மேடம், உள்ள போய்ப் பேசலாம்," என்றார் மேனேஜர்.

"இங்கயே பேசலாம். முதல்ல புதுப் படிவம் கொண்டுவாங்க. நான் சொல்றத உங்க கையெழுத்துல எழுதுங்க. நாற்பது நிமிஷம் ஓடினா நின்னுடும். வெள்ளை வண்டிக்கும் ஒண்ணு எழுதுங்க. ஸ்டியரிங் இறுகும்."

எழுதினார். காரின் சூடான பானெட் மேல் தாளை வைத்து, நின்றபடியே, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். எழுதி முடித்ததும் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க. முற்றத்துல எந்த வண்டி வேணுமோ எடுத்துக்கங்க. எதுவா இருந்தாலும் இன்னைக்கே தர்றேன், மேலிடத்துக் கையெழுத்த நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவள் வரிசையாக நின்ற வண்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றன. எதை யார் மனம் மாறித் திருப்பினார்களோ. கடைசியில், ஓரத்து நிழலில், கழுவாமல், பின் கண்ணாடியில் குழந்தை கை பதிந்த அழுக்கோடு நின்ற சாம்பல் கலர் வண்டியைக் காட்டினாள்.

"அது."

"அது வேணாம் மேடம்," என்றார் அவர், யோசிக்காமல். "அதுலதான் தினம் என் பொண்ண ஸ்கூல்ல விடறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. வெளியே நின்ற தம்பதி தங்கள் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அதனாலதான் சார் கேக்கறேன்," என்று அவள் கையை நீட்டினாள். "நாளைக்கு ஏழு மணிக்கு என் அக்காவும் அதுலதான் போகணும்."