ஐந்தடி வாசல்

படப்பிடிப்பின் பதினோராம் நாள் காலையில், ஸ்டுடியோவின் மூன்றாம் தளத்தில் போட்டிருந்த ஒட்டுப்பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையலறை முளைத்திருந்தது. நீளம் பத்தடி, அகலம் எட்டடி, ஒரு மேடை, ஒரு ஜன்னல், ஒரு குழாய். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஜன்னலைத் திறந்தால் வெயில் வந்தது. நாலு பக்கமும் அடைத்த தளத்துக்குள் வெயில் எந்த வழியாக வருகிறது என்று தயாரிப்பு நிர்வாகி இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு அன்றைய அறிக்கையில் ‘சமையலறை ஒன்று கூடுதல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் கட்டினது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் வீட்டைப் போட்ட தச்சர் ஒண்ணுகூட்டியைப் பார்த்தார்கள். “என்னை எதுக்குப் பாக்குறீங்க? எனக்குக் குடுத்த வரைபடத்துல பின்பக்கமே கிடையாது” என்றாள் அவள். அதுவும் உண்மைதான். சினிமா வீட்டுக்கு முகம் மட்டும் போதும். மூன்று பக்கம் சுவர் இருக்கும், நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நிற்கும். கூரையும் கிடையாது, சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் முட்டுக்கட்டையும் ஆணியும்தான்.

ஒண்ணுகூட்டி அந்தப் படப்பிடிப்பு நிலையத்தின் தச்சுப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தவள். அங்கே இருந்த ஒரே பெண் தச்சர். அவள் இடுப்பில் தொங்கிய அளவு டேப்பின் முதல் ஒரு அடி எப்போதோ ஒடிந்து போயிருந்தது. புது டேப் கேட்டு எத்தனை தடவை போய் நின்றாலும் ஸ்டோர்காரர் மசியவில்லை. பழசு முழுசாகப் போனால்தான் புதுசு என்பது அவர் சட்டம். ஒடிந்த டேப்பில் அளந்தால் அது காட்டுகிற அளவை நம்ப முடியாது. ஆறடி வேண்டுமென்றால் ஏழு என்ற கோடு வரைக்கும் இழுக்க வேண்டும். அதனால் எதை அளந்தாலும் “ஒண்ணு கூட்டு, ஒண்ணு கூட்டு” என்று வாய்க்குள் முனகிக்கொண்டே அளப்பாள். பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பதிவேட்டோடு போயிற்று.

இத்தனை வருஷத்தில் அவள் கட்டின வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மாளிகை, குடிசை, வக்கீல் வீடு, பேய் வீடு எல்லாம் அதில் அடக்கம். படம் முடிந்ததும் அத்தனையையும் அவள் கையாலேயேதான் பிரித்துப் போட்டாள். அவள் குடியிருந்ததோ அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில். தாலி கட்டியவன் இன்னொரு ஊருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனவன், போனவன்தான். மாடிப்படிக்கு அடியில் பாதி இடத்தை அண்ணன் மகனுடைய பைக் எடுத்துக்கொண்டது, மீதி இவளுக்கு. உள்ளே போகும்போதும் வரும்போதும் முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும். அவள் உயரமே நாலே முக்கால் அடிதான், அதற்கும் அந்த வீட்டில் இடம் போதவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் “உனக்கென்னம்மா, ஒண்டிக்கட்டை, எங்க படுத்தா என்ன” என்று எட்டு வருஷமாகச் சொல்லி வந்தார். எட்டு வருஷமாக அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்தப் படத்துக்கு வீடு போட்டபோதுதான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று கூட்ட மறந்தாள். ஆறடி வாசல் நிலை ஐந்தடியாக வந்து நின்றது. கலை இயக்குநர் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். படத்தின் இயக்குநரோ கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இடம்தான் நாயகனை வளர்க்கிறது, ஆளை மாற்ற வேண்டுமானால் முதலில் அவன் நிற்கிற இடத்தை மாற்று என்று பதினைந்து வருஷமாகப் பேட்டி கொடுத்து வந்த மனிதர் அவர். தாழ்ந்த வாசலைத் தானே யோசித்து வைத்ததாக அன்று சாயங்காலமே ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னார். ஒண்ணுகூட்டி பக்கத்தில்தான் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாயகன் ஆறடி ஆள். எந்தப் படத்திலும் கதவைத் திறந்து உள்ளே வந்த வழக்கமே அவருக்கு இல்லை, உதைத்துத்தான் வருவார். அவர் உதைப்பதற்கென்றே உள்பக்கம் பாதி அறுத்து விட்ட கதவுகளை ஒண்ணுகூட்டி இதுவரை நாற்பத்தாறு செய்திருந்தாள். பட்டறையில் அவருக்குக் கதவுடைச்சான் என்று பேர். முதல் நாள் அவர் வழக்கம்போல ஓடி வந்து உதைத்தார், கதவு உடைந்தது, நெற்றி நிலையில் மோதிப் புடைத்தது. இரண்டாம் தடவையும் அதே கதி. மூன்றாம் தடவை அவர் உதைக்கவில்லை. குனிந்து மெதுவாக உள்ளே போனார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இயக்குநர் ‘கட்’ சொல்லியும் அவர் எழுந்து வரவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். வசனத்தைக் கத்தாமல் பேசினார். அண்ணாந்து பார்த்து, மழைக்கு முன்னால் கூரையைச் சரி பண்ண வேண்டும் என்று கவலைப்பட்டார். கூரையே அப்போது கிடையாது. ஒன்பதாம் நாள் கூரை வந்தது, பதினோராம் நாள் சமையலறை, பதினாலாம் நாள் கொடிக்கயிறு கட்டிய கொல்லைப்புறம். பத்தொன்பதாம் நாள் நாலாவது சுவரும் வந்து நின்றுவிட்டது. கேமரா வெளியே மாட்டிக்கொண்டது. ஒளிப்பதிவாளர் கதவைத் தட்டி, குனிந்து, வரலாமா என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. வெளிச்சம் நன்றாக இருந்ததால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சிக்கல் வந்தது இடைவேளைக் காட்சியில். கதைப்படி, வில்லன் வீட்டைப் பிடுங்கிக்கொள்வான், நாயகன் வீட்டை விட்டுப் போவான், தூர நகரத்தில் பெரிய ஆளாகித் திரும்பி வந்து பழி வாங்குவான். நாயகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே காலை வைத்தார். வைத்த கால் கொல்லைப்புறத்துக் கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்தது. ஒன்பது டேக் எடுத்தார்கள். ஒன்பது தடவையும் அவர் முன்வாசலில் போய்ப் பின்வாசலில் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தடையில்லாமல் வெளியே போய் வந்தார். ஒன்பதாவது தடவை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “இந்த ஆள் போக மாட்டான் சார். போற ஆளுக்கு இந்த வீடு பிடிச்சிருக்காது” என்றார். இயக்குநர் கையைப் பிசைந்தார். பதினைந்து வருஷமாகத் தான் சொல்லி வந்தது இப்படிச் சொன்னபடியே நடந்து தொலையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இடம் ஆளை வளர்க்கலாம், அதற்காகத் திரைக்கதையில் கை வைக்கலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பதில் ஒன்றும் வராததால் இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டாம் பாதியை மாற்றி எழுதினார். புதுக் கதையில் நாயகன் எங்கேயும் போகவில்லை. காலி பண்ணச் சொல்லி ஆள் மேல் ஆள் வருகிறார்கள், வருகிறவனெல்லாம் குனிந்து வருகிறான், அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இதையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் ஒண்ணுகூட்டி. அந்த வாசலில் குனியாமல் போய்வர முடிந்த ஆள் அந்த நிலையத்திலேயே அவள் ஒருத்திதான். முதல் தடவை நிமிர்ந்தபடி உள்ளே போனபோது தலைக்கு மேல் மூன்று விரல் இடைவெளி இருந்தது. அவள் திரும்பி வெளியே வந்து, இன்னொரு தடவை போய்ப் பார்த்தாள்.  சமையலறை வந்த அன்று அதில் டீ போட்டுக் குடித்தாள். இருபத்து மூன்றாம் நாள் அண்ணன் வீட்டிலிருந்து தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் பின்னாலேயே வந்தார். அட்டை வீட்டில் தங்கச்சி குடியிருக்கிறாள் என்று நாலு பேர் சொன்னால் என் மானம் என்ன ஆகிறது என்று வாசலில் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். “உள்ள வந்து பேசுண்ணே. குனிஞ்சு வா” என்றாள். தங்கச்சி வாசலில் குனிவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் திரும்பிப் போனார்.

படம் முடிந்தது. நாயகன் கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகும்போது அவளிடம் வந்து நின்றார். “நாப்பத்தாறு கதவும் நீங்க செஞ்சதாமே. தெரியாம உதைச்சுட்டேன்க்கா” என்றார். அடுத்த படத்தில் கதவை உதைக்கச் சொன்னபோது அழைப்பு மணியை அடித்துவிட்டு நின்றாராம். அது அவர் பாடு. மூன்றாம் தளத்தில் அடுத்ததாக ஒரு மருத்துவமனை போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைப் பிரித்துத் தளத்தைக் காலி பண்ணும்படி நிலையத்திலிருந்து தாள் வந்தது. பிரிக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பேரே அவளுடையதுதான். ஒண்ணுகூட்டி அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேஜை ஆட்டம் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையிலிருந்து ஆறு பேர் கடப்பாரையோடு வந்தார்கள், எல்லாரும் அவளோடு வேலை பார்த்தவர்கள். சினிமா வீட்டைப் பின்பக்கமிருந்துதான் பிரிப்பார்கள், ஆணியெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. இந்த வீட்டுக்கோ பின்பக்கம் இப்போது சமையலறையும் கொல்லையுமாக இருந்தது. ஆணியைப் பார்க்க வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும், போவதென்றால் குனிய வேண்டும், கையில் கடப்பாரையோடு குனிந்தால் அது நிலையில் இடிக்கிறது. ஒவ்வொருவராகக் கடப்பாரையை வெளியே சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார்கள். அவள் டீ கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு மேஸ்திரி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எப்படிக்கா இடிக்கிறது? குடியிருக்கிற வீடால்ல இருக்கு” என்றார். அத்தனை பேரும் போய்விட்டார்கள். தள மேலாளர் பொறுக்க முடியாமல் தானே ஒரு கடப்பாரையை எடுத்து வெளிச்சுவரில் ஓங்கிப் போட்டார். சுவரிலிருந்து உதிர்ந்தது செங்கல் தூள். அவருக்கு மூன்று நாள் தோள்வலி.

சனிக்கிழமை நிலையத்தின் முதலாளியே வந்தார். ஆறடி இரண்டு அங்குலம், யார் முன்னாலும் தலை வணங்காதவர் என்று பேர் வாங்கிய மனிதர். எள்ளுப் போட்டால் விழாத கூட்டம் பின்னால் வேடிக்கை பார்த்தது. வெளியே வந்து பேசும்மா என்றார். ஒண்ணுகூட்டி வாசலுக்கு வந்து நிலைக்குள் நிமிர்ந்து நின்றாள், வெளியே காலை வைக்கவில்லை.  இந்த வேலை போனால் வேறு எந்தப் பட்டறையும் ஒரு பெண்ணைச் சேர்க்காது, இந்த வாசலை விட்டால் மறுபடியும் மாடிப்படிக்கு அடிதான் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பு டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“என் இடத்துல, என் பலகைல கட்டின வீடு. எந்த உரிமையில உள்ள இருக்கே?”

“உங்களுக்கு இருநூத்திப் பன்னெண்டு வீடு கட்டினேன் சார். இருநூத்திப் பன்னெண்டையும் நானே பிரிச்சேன். ஒண்ணாவது எனக்குன்னு கேட்டதில்ல. இப்ப எனக்குன்னு ஒண்ணு கூட்டிக்கிறேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளி ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார். மிரட்டினார், நயந்து பேசினார், கடைசியில், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றார். உள்ளே இருக்கிறது என்றாள் ஒண்ணுகூட்டி, நகர்ந்து வழி விட்டாள். அவர் நிலையை ஒரு தடவை பார்த்தார், இவளை ஒரு தடவை பார்த்தார், பிறகு குனிந்தார். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து, கொல்லைப்புறத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வெளியே வந்தவர், மருத்துவமனையை வீட்டைச் சுற்றிப் போடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அப்படியே போட்டார்கள். அந்தப் படத்தில் எந்த அறையின் ஜன்னலைத் திறந்தாலும் ஒரு வீடும் கொடியில் காயும் துணியும் தெரியும், அதைப் பார்த்தே படத்தில் வரும் வைத்தியர் ஐந்து மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டார். அதற்கடுத்து வந்தது சிறைச்சாலைக் கதை. ஜன்னல் வழியே வீடு தெரிந்ததால் கைதிகள் இரண்டாவது காட்சியிலேயே தப்பித்துப் போனார்கள், கதையை வேறு மாதிரி எழுத வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் எழுதுகிறவர்கள் மூன்றாம் தளம் என்றாலே வீட்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். வீட்டுக்கு எண் வந்தது, மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் வந்தார், தபால்காரர் வாரத்துக்கு ஒரு தடவை குனிந்து வந்து போகிறார். ஒண்ணுகூட்டி காலையில் கதவைப் பூட்டிவிட்டு அறுபது தப்படி நடந்து பட்டறைக்குப் போகிறாள். ஸ்டோர்காரர் தானாகவே ஒரு புது டேப் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தாவது வருஷம், அவள் வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், அண்ணன் வாசலில் நின்றிருந்தார். மகனுக்குக் கல்யாணம், அத்தை இல்லாமல் முடியாது என்றார். முதலில் உள்ளே வா என்று கதவைத் திறந்தாள். அவர் பாதி குனிந்து போய் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டார். வலியில் கண் கலங்கி, நெற்றியைத் தேய்த்தபடி, “ஒண்ணு கூட்டி வெச்சிருக்கக் கூடாதாம்மா? எப்படித்தான் மறந்தியோ” என்றார்.

“மறந்தேன்னு யாருண்ணே சொன்னா?”

அண்ணன் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, இந்தத் தடவை முழுசாகக் குனிந்து உள்ளே போனார். அவர் பின்னாலேயே அவள் நிமிர்ந்து நடந்து போய் டீக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.