ஒரு சாண் இடத்தில் பதினோரு ரம்பம்

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்த பாப்பா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறை அறையைத் திறந்தாள். சுவர் மொட்டையாக இருந்தது. காலையில் அதே சுவரில் பதினோரு ரம்பங்கள் தொங்கியதை அவள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள். இப்போது ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ரம்பங்கள் மூலையில் ஒரு சாக்குக்குள், ஒன்றின் வயிற்றில் ஒன்று குத்திக்கொண்டு கிடந்தன.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். அண்ணன்தான்.

பெயருக்குத்தான் அவள் பாப்பா. வயது ஐம்பத்து மூன்று. ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகத் துணி வெட்டும் மாஸ்டர். அங்கே அவள் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால் முப்பது பேர் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார்கள். வீட்டில் மட்டும், ஏழு வயது மூத்த அண்ணன் வாயில் இன்னும் பாப்பா. அண்ணி வாயிலும் பாப்பா. பாப்பாவுக்கு யாராவது பட்டறை வைத்துக் கொடுப்பார்களா? அவளே வைத்துக்கொண்டாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் சமையலறை முக்காலியின் ஒரு கால் உடைந்தது. தச்சர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒரு மாதம் ஓட்டினார். அந்த நாளைக்கு வரவே இல்லை. பாப்பா பழைய சாமான் கடைக்குப் போய்த் துருப்பிடித்த ரம்பம் ஒன்றை வாங்கிவந்து தானே ஒரு காலை அறுத்துப் பொருத்தினாள். முக்காலி கொஞ்சம் நொண்டியது. நொண்டினால் என்ன, நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஒவ்வொரு ரம்பமாகத் தேடிப் பிடித்து, துருவைத் தேய்த்து எடுத்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாகக் கூராக்கிச் சுவரில் மாட்டினாள். ரம்பத்துக்குப் பல்தான் உயிர். பல்லோடு பல் உரசினால் இரண்டுமே மழுங்கிப்போகும். அதைப் போய் ஒருவர் சாக்கில் திணித்தால் கோபம் வருமா வராதா, சொல்லுங்கள்.

அண்ணன் முப்பத்து நான்கு வருடம் வெளியூரில் ஒரு பெரிய குடோனுக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம்தான் அண்ணியோடு வந்து சேர்ந்தார். பெற்றவர்கள் விட்டுப்போன வீடு, அவருக்கும் பாதி உரிமை உண்டு, வரட்டும் என்று பாப்பாவும் சந்தோஷமாகத்தான் கதவைத் திறந்தாள். அவர் பின்னாலேயே ஒரு லாரியும் வந்தது. குடோனில் கழித்துவிட்ட ஆறு இரும்பு ராக்குகளும், எண் ஒட்டிய அட்டைப் பெட்டிகளும் அதில் இருந்தன. முதல் வாரம் பட்டறையில் ஒரு ராக் நுழைந்தது. அடுத்த வாரம் இன்னும் மூன்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று இதைத்தான் சொல்வார்கள். இப்போது மிச்ச இரண்டையும் நிறுத்த ரம்பச் சுவர் வேண்டுமாம்.

அவரைக் கேட்டபோது கொஞ்சமும் அசையவில்லை.

“ஒரு கையால அறுக்கறதுக்குப் பதினோரு ரம்பம் எதுக்கு பாப்பா? ஒண்ணு வச்சுக்க. போனாப் போகுது, ரெண்டு வச்சுக்க. ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். மிச்சத்தைப் போட்டுடலாம்.”

பதினொன்றில் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது என்று பாப்பா எடுத்துச் சொன்னாள். மரத்தை நார் ஓடும் வாக்கில் பிளக்க ஒன்று, நாருக்குக் குறுக்கே அறுக்க ஒன்று, மூட்டுப் போடுகிற நுணுக்க வேலைக்கு முதுகில் பட்டை வைத்தது ஒன்று. துணி வெட்டுகிற கத்தரியால் நகம் வெட்டுவீர்களா என்றும் கேட்டாள். அண்ணன் காதில் வாங்கவில்லை. இடத்தைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம், ஒரு மலையையே அடுக்கி வைத்தவன் நான் என்றார். டேப்பை எடுத்து ஆறு ராக்குக்கும் அளந்து காட்டினார். கடைசி ராக்குக்கும் கதவு நிலைக்கும் நடுவில் கொஞ்சூண்டு இடம் மிஞ்சியது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அங்கே வைத்தார். சரியாக ஒரு சாண்.

“இந்தா. இது உன் இடம். இதுல எத்தனை அடங்குதோ அத்தனையும் உன்னுது. அடங்காதது வண்டியில ஏறும். உங்க அண்ணி சாட்சி.”

“பதினொண்ணும் அடங்கும். அண்ணி, கேட்டுக்கங்க” என்றாள் பாப்பா.

எப்படி அடங்கும் என்று அவளுக்குத் துளியும் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. ரம்பம் போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால் அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சுவது ஒரு கட்டிலும் ஒரு தட்டும்தான். கூரை ஒழுகியபோது ஏறி அடைத்தவள் அவள், அம்மாவைக் கடைசிவரை பார்த்தவள் அவள், ஓய்வு பெற்று வந்தவர் அவளுக்கு ஒரு சாண் அளந்து கொடுக்கிறார். நெஞ்சு கொதித்தது. கொதிக்கட்டும், வேலை செய்ய அதுவும் உதவும் என்று சாக்கை அவிழ்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகும் முன்னால் பலகையில் கோடு போட்டாள். சுவரில் படுக்கையாக மாட்டினால்தான் ரம்பம் இடத்தை அடைக்கும். புத்தகம் அடுக்குவது மாதிரி செங்குத்தாக, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்? தகடு தாள் கனம்தானே. ஒரு சாண் அகலத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சட்டம். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, இரண்டின் முன்விளிம்பிலும் ரம்பம் நுழைய வரிசையாகக் காடி. காடி என்றால் தகடு போய் உட்காருகிற மெல்லிய பிளவு. முன்னாலிருந்து தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் வரும். பற்கள் எல்லாம் சுவரைப் பார்த்து இருக்கும், ஒன்றோடொன்று உரசாது. முக்கால் அங்குலத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாள். பன்னிரண்டு காடி வந்தது. ஒன்று அதிகம். இருக்கட்டும் என்று பன்னிரண்டையும் அறுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அண்ணன் மிச்ச இரண்டு ராக்கையும் ரம்பச் சுவரை மறைத்து நிறுத்திவிட்டார். மிஞ்சிய ஒரு சாணில் பாப்பா சட்டத்தை நிறுத்தி முதல் ரம்பத்தைத் தள்ளினாள். அழகாகப் போய் நின்றது. இரண்டாவதைத் தள்ளினாள். பாதியில் முட்டியது. தகடு நுழைகிறது, பிடி நுழையவில்லை. மரப்பிடி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் அங்குல கனம். அடுத்தடுத்த காடியில் இரண்டு பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வழியே இல்லை.

துணிக்காரி புத்தி. இருபத்தெட்டு வருடமாக நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே பார்த்த கண்ணுக்குக் கனம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருப்பார்களா? ஒன்று விட்டு ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஆறு ரம்பம் நின்றது. ஐந்து தரையில் கிடந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

அண்ணன் அந்த நேரம் பார்த்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டுமா? எண்ணிப் பார்த்துச் சிரித்தார்.

“ஆறா? அதுவே பெருசு. நீ தலைகீழா நின்னாலும் ஏழாவது அடங்காது பாப்பா.”

பாப்பா தரையில் கிடந்த ஐந்தையும் துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள், சாட்சிக்காரி எந்தப் பக்கமும் பேசக் கூடாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுசாக இருக்கிறது என்று.

வியாழக்கிழமை கம்பெனியில் பேன்ட் வெட்ட வேண்டிய நாள். நீள மேசையில் துணியை விரித்துப் பாப்பா அட்டை மாதிரிகளை அடுக்கினாள். பேன்ட் கால் இடுப்புப் பக்கம் அகலம், கணுக்கால் பக்கம் குறுகல். ஒன்றை நேராக வைத்தால் அடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். ஒன்றின் அகலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றின் குறுகல் வந்து உட்காரும், துணி மிச்சமாகும். ஒரே திசையில் பூப்போட்ட துணியாக இருந்தால் மட்டும் இது நடக்காது, திருப்பினால் பூ கவிழ்ந்துவிடும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கை அவளுடையது. நாலாவது அட்டையைத் திருப்பும்போது கை அப்படியே நின்றது.

“அட மக்கே!” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரை என்று தெரியாமல் விழித்தார்கள்.

ரம்பத்தில் என்ன பூவா போட்டிருக்கிறது? பிடி மேலேதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்று பிடி மேலே, அடுத்தது பிடி கீழே. தடித்த பிடிக்குப் பக்கத்தில் அடுத்த ரம்பத்தின் மெல்லிய மூக்கு வந்து நிற்கும். காடியை மாற்றவே வேண்டாம். கீழே வருகிற பிடிகளுக்கு இடம் விட்டு, கீழ்ப்பலகையை மட்டும் ஒரு பிடி உயரத்துக்குத் தூக்கி ஆணி அறைந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை தூக்கி அறைந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பிடிகளுக்கு நடுவில் விரல் நுழைய இடமும் இருந்தது. எதை வேண்டுமானாலும் மற்றதைத் தொடாமல் இழுக்கலாம். பாப்பா முன்னால் நின்று பார்த்தாள். இன்னொரு தடவை எண்ணினாள். பதினொன்றேதான். கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தினார். அண்ணன் அவரைக் கையோடு பட்டறைக்கு அழைத்துவந்தார். கதவைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். டேப்பை எடுத்தார். அளந்தார். ஒரு சாணுக்கு ஒரு நூல் கூடவில்லை. குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். குடோன் மூளை சும்மா இருக்குமா? குற்றம் ஒன்று கண்டுபிடித்தது.

“காடி பன்னெண்டு இருக்கு. ரம்பம் பதினொண்ணுதான். ஒண்ணு காலியாக் கிடக்கே. இடத்தை வீணாக்கியிருக்க.”

“வீணில்லை அண்ணா. வர்ற சரக்குக்கு.”

அது அவருடைய வார்த்தை. குடோனில் எந்தத் தட்டையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, வர்ற சரக்குக்கு இடம் வேண்டும் என்பது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். வீட்டிலும் ஆறு ராக்கையும் அப்படித்தான் அடுக்கியிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் பாதி பெட்டி, பாதி காற்று. பெட்டிகளில் இருந்தது பழைய காலண்டரும், தீர்ந்துபோன பேனாவும், பிரிவுபசாரத்தில் போட்ட மாலையின் காய்ந்த நாரும்தான். பாப்பா அதைத் திங்கட்கிழமையே பார்த்துவிட்டாள். ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். இனி எதற்கு மூட வேண்டும்?

“எனக்குச் சரக்கு வரும். உங்களுக்கு என்ன சரக்கு வரப்போகுது அண்ணா? நீங்க போட்ட விதிதானே, அடங்கினது இருக்கட்டும், அடங்காதது வண்டியில ஏறட்டும். உங்க பெட்டி மொத்தமும் மூணு ராக்குல அடங்கும். நான் அடுக்கிக் காட்டட்டுமா?”

இரும்புக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் ராக்கின் காலித் தட்டு ஒன்றில் கையை வைத்து, தூசியைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாப்பாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த வாரம் அந்த ஒரு சாணும் போய்விடும்.

கடைசியில் அண்ணிதான் பேசினாள். “சாட்சி சொல்லணும்னா சொல்றேன். விதி போட்டது நீங்க. ஆள் பார்த்தா போட்டீங்க?”

அண்ணன் முதல் தட்டின் பெட்டியைத் தானே தூக்கி அடுத்த ராக்கின் காலிப் பக்கத்தில் வைத்தார். பிறகு அடுத்த பெட்டி. பாப்பா மறுமுனையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று ராக் காலியானது. அண்ணனே இரும்புக்காரரிடம், அந்த மூன்றையும் ஏற்று என்றார். ரம்பச் சுவர் பழையபடி வெறும் சுவரானது.

ராக்கை ஏற்ற வண்டியில் இடம் பண்ணும்போது, தகர டின்களுக்கு அடியிலிருந்து ஒரு பிடி நீட்டிக்கொண்டிருந்ததைப் பாப்பா பார்த்தாள். இழுத்தாள். தகடு முழுக்கத் துரு, பல் நாலைந்து உடைந்திருந்தது, ஆனால் தகடு வளையவில்லை. இரும்புக்காரர் சிரித்துக்கொண்டே, எடுத்துக்கங்கம்மா, ரம்பம் ஏத்தத்தான் வந்தேன், இறக்கிட்டுப் போறேன் என்றார்.

பாப்பா அதைக் கொண்டுவந்து பன்னிரண்டாவது காடிக்கு நேராக நின்றாள். அண்ணன் கையை நீட்டி வாங்கினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்து ரம்பத்தைப் பார்த்து, பிடி கீழே வருகிற மாதிரி திருப்பி, மெதுவாக உள்ளே தள்ளினார். சரியாகப் போய் நின்றது.

“பன்னெண்டும் ஆச்சு” என்றார், தோற்றதை ஒப்புக்கொள்ளாத குரலில். “இனிமே வாங்கினா வைக்க இடமில்லை, பாப்பா.”

பாப்பா மொட்டைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பதினோரு ஆணிகளைக் காட்டினாள்.

“ஏன், சுவர் இருக்கே.”